நூறு எம்பிபிஎஸ் யாருக்கு? மன்னார் வீடுகளில் இணைய வேகம்

100 எம்பிபிஎஸ் இணைப்பு ஒன்றை நிறுத்தாமல் இழுத்தால், 100 ஜிபி பக்கேஜ் இரண்டேகால் மணித்தியாலத்துக்குள் தீர்ந்துவிடும். கணக்கு எளிது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் என்பது செக்கனுக்கு 12.5 மெகாபைட். ஒரு ஜிபிக்கு 80 செக்கன், நூறு ஜிபிக்கு 8,000 செக்கன். ஒரு மாதத்துக்கென்று காசு கட்டி வாங்கியதை ஒரு படம் பார்க்கும் நேரத்தில் தீர்க்கக்கூடிய வேகத்தை அந்தப் பக்கேஜோடு சேர்த்தே விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம். யாரும் அப்படி இழுப்பதில்லை என்பது உண்மைதான். இழுக்காதவருக்கு அந்த வேகம் எதற்கு என்று கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

மன்னார்த் தீவிலும் அதை ஒட்டிய கரையிலும் இதற்கு ஒரே பதில் கிடையாது. நகரத்தில் பைபர் வந்த தெருவில் இருப்பவர், பேசாலையில் கூரைமேல் அன்டெனா நட்டு 4ஜி பிடிப்பவர், வங்காலையில் கைபேசி ஹொட்ஸ்பொட்டிலேயே முழு வீட்டையும் ஓட்டுபவர், முசலிப் பக்கம் மீள்குடியேறிய கிராமமொன்றில் சிக்னலுக்காக விறாந்தையின் ஒரு மூலைக்குப் போய் நிற்பவர் என்று நான்கு பேர் இருக்கிறார்கள். முதலாமவருக்குக் கூடின பக்கேஜுக்கு மாறலாமா என்பது கேள்வி. கடைசியாளுக்கு இணைப்பு வருமா என்பதே கேள்வி. இடையில் உள்ள இருவருக்கும் பகலில் ஓடுவது ஏன் இரவில் ஓடுவதில்லை என்பது கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு வீட்டுக்கு 20, 25 எம்பிபிஎஸ், இரவு எட்டு மணிக்கும் குறையாமல் கிடைக்குமென்றால், அதற்குமேல் செலவழிக்கும் காசை வேகத்தில் போடுவதைவிட வேறெதிலாவது போடுவது நல்லது.

முதலில் தேவை எவ்வளவு என்று பார்ப்போம். நெட்ஃபிளிக்ஸ் தன் வாடிக்கையாளருக்குச் சொல்லும் அளவு, முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ். சூமில் நடக்கும் குழு வகுப்பொன்றைத் தெளிவாகப் பார்க்க 3 எம்பிபிஎஸ் அளவு போதும். வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு அதைவிடக் குறைவிலும் ஓடும். மகள் உயர்தர வகுப்பில் இருக்க, மகன் யூரியூப் பார்க்க, தாய் கட்டாரிலிருக்கும் கணவரோடு கதைத்துக்கொண்டிருக்கும் வீடொன்றைக் கூட்டிப் பாருங்கள். 15ஐத் தாண்டாது. 4கே தொலைக்காட்சி வைத்திருக்கும் வீட்டில் இன்னொரு 15 சேரும். ஆனால் 4கேயில் ஒரு மணித்தியாலம் படம் பார்த்தால் 7 ஜிபி வரை போய்விடும் என்பதையும் நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. அளந்து வாங்கும் பக்கேஜில் அந்தத் தெளிவை எத்தனை பேர் விரும்பி ஓடவிடுவார்கள் என்பது வேறு விடயம்.

2019இல் அமெரிக்காவின் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் இதை நேரே அளந்து பார்த்தது. பிரின்ஸ்டன், சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, தன் ஊழியர்கள் 53 பேரின் வீட்டு இணைப்புகளை மாதக்கணக்கில் கவனித்தது. 100 எம்பிபிஎஸ்ஸும் அதற்கு மேலும் வாங்கியிருந்த வீடுகளில், ஒரே நேரத்தில் ஏழு சேவைகளில் படங்களை ஓடவிட்டபோதும் சராசரியாகப் பயன்பட்டது 7 எம்பிபிஎஸ் சொச்சம்தான். படம் தண்ணீர்க் குழாய்போல் இடைவிடாமல் வருவதில்லை. சில செக்கன்களுக்கு வேண்டியதைத் துண்டாக இழுத்து வைத்துக்கொண்டு, அது தீரும்வரை இணைப்பு சும்மா கிடக்கும். அதனால்தான் ஏழு படம் ஓடியும் குழாய் நிரம்பவில்லை.

இணையப் பக்கங்கள் திறக்கும் கதை வேறு. 2010இல் கூகுளில் இருந்த மைக் பெல்ஷி செய்த சோதனை இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவர் வேகத்தை 1 எம்பிபிஎஸ்ஸிலிருந்து படிப்படியாகக் கூட்டிப் பார்த்தார். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனபோது பக்கம் திறக்கும் நேரம் நன்றாகக் குறைந்தது. ஐந்திலிருந்து பத்துக்குப் போனபோது கிடைத்தது ஐந்து சதவீதம் அளவிலான இலாபம். பிறகு வேகத்தை அப்படியே விட்டுவிட்டு, செய்தி போய்த் திரும்பும் நேரத்தை, அதாவது தாமதத்தை, இருபது இருபது மில்லி செக்கனாகக் குறைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு குறைப்புக்கும் பலன் தெரிந்தது, அது கடைசிவரை தேயவில்லை. ஒரு பக்கம் திறக்க உங்கள் கருவியும் அந்தப் பக்கத்துக் கணினியும் பலமுறை கேள்வி பதில் பரிமாறவேண்டும். அந்தப் போக்குவரத்தில் கழியும் நேரத்தை எந்த எம்பிபிஎஸ்ஸாலும் வாங்கமுடியாது. அன்றைய பக்கங்களைவிட இன்றைய பக்கங்கள் பலமடங்கு பாரமானவை என்பதால் அந்த ஐந்து இன்று பதினைந்தோ இருபதோ ஆகியிருக்கலாம். வளைவின் வடிவம் மாறவில்லை.

மக்கள் இதற்கு எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதையும் அளந்திருக்கிறார்கள். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 4 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 10க்குப் போக ஒரு குடும்பம் மாதம் 14 டொலர் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தது. 10லிருந்து 25க்கு 24 டொலர். 100லிருந்து 1,000க்குப் போக 19 டொலர்தான், அதாவது ஒரு எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு சதம். இங்கிலாந்தில் வீட்டு விலைகளை வைத்துப் பார்த்த இன்னோர் ஆய்விலும் இதே தேய்மானம் தெரிந்தது. பழைய டயல்-அப்பிலிருந்து 8 எம்பிபிஎஸ்ஸுக்கு மாறியபோது வீட்டு விலை 2.8 சதவீதம் ஏறியது. 24க்கு மாறியபோது மேலும் ஒரு சதவீதம். ஒன்றுமில்லாத இடத்துக்கு முதல் இணைப்பு வருவதுதான் பெரிய பாய்ச்சல். மன்னாரில் இது யாருக்குப் பொருந்தும் என்றால், முதலில் முசலிக்காரருக்கு, கடைசியில் நகரத்துக்காரருக்கு.

இனி நம் ஊரின் வரைபடத்துக்கு வருவோம்.

இலங்கையையும் இந்தியாவையும் இணைத்த முதல் தந்திக் கம்பி இந்தத் தீவு வழியாகத்தான் போனது. காலியையும் கொழும்பையும் தந்தி இணைத்த 1858ஆம் ஆண்டிலேயே அது மன்னார்வரை நீண்டு, கடலடியில் இறங்கி, இராமேசுவரத்துப் பக்கம் ஏறியது. பிரித்தானியருக்கு இது குறுகிய பாதை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் 30 கிலோமீற்றர்கூட இல்லை. இன்றைய ஒளியிழைக் கேபிள்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. சீ-மீ-வீ வரிசைக் கேபிள்கள் கரையேறுவது கொழும்புப் பக்கமும் மாத்தறையிலும். 2006இல் வந்த பாரத்-லங்கா கேபிள் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டு மன்னார் வளைகுடா வழியே போய்க் கல்கிசையில் ஏறியது. ஆகவே பேசாலையிலிருந்து இராமநாதபுரத்துக்குப் போகும் செய்தியும் முதலில் முந்நூறு கிலோமீற்றர் தெற்கே போய்த்தான் கடல் கடக்கவேண்டும்.

இதைக் கேட்டவுடன் நம் இணைப்பு மெதுவாக இருப்பதற்குக் காரணம் தூரம் என்று நினைக்கத் தோன்றும். கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். 100 கிலோமீற்றர் போய்த் திரும்ப ஒரு மில்லி செக்கன். கொழும்புக்குப் போய்வர நான்கு மில்லி செக்கன் போதும். கண் இமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிங்கப்பூருக்குப் போய்வர முப்பது, ஐரோப்பாவுக்கு நூறுக்கு மேல். யூரியூப், ஃபேஸ்புக், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரியவர்கள் தங்கள் சரக்கின் பிரதியை உள்ளூர் நிறுவனங்களின் மையங்களிலேயே வைத்துவிடுவதால் அவை வேகமாக வரும். யாரும் பிரதி வைக்காத சின்னப் பல்கலைக்கழகத் தளம், கனடாவிலுள்ள அலுவலகத்தின் வழங்கி, தமிழ்நாட்டுச் சிறுபத்திரிகைத் தளம் எல்லாம் கடல் கடந்தே வரவேண்டும். 2025 செப்டெம்பரில் ஜெத்தாவுக்குக் கிட்டச் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது தெற்காசியா முழுவதும் இணையம் தளர்ந்தது. அந்த நாட்களில் 100 எம்பிபிஎஸ்காரரும் 10 எம்பிபிஎஸ்காரரும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள்.

கொழும்பிலுள்ள லேர்ன் ஏசியா ஆய்வு நிறுவனம், சென்னை ஐஐடியோடு சேர்ந்து, 2008ஆம் ஆண்டளவில் இதை அளக்க ஒரு மென்பொருள் செய்தது. வீட்டிலிருந்து சேவை நிறுவனம்வரை, அங்கிருந்து நாட்டுக்குள், பிறகு நாட்டுக்கு வெளியே என்று பாதையைப் பிரித்துப் பிரித்து அளந்தது. முதல் துண்டில் விளம்பரத்துக்குக் கிட்டிய வேகம், கடைசித் துண்டில் பெரும் சரிவு. இன்று கைபேசியில் வேகச் சோதனை செய்யும் பலர் முதல் துண்டை அளந்துவிட்டு மகிழ்ந்துபோகிறார்கள். அந்தச் செயலிகள் பெரும்பாலும் மிகக் கிட்டிய வழங்கியைத்தான் தேர்ந்தெடுக்கும், சிலவேளை அது சேவை நிறுவனத்தினதாகவே இருக்கும். ஃபாஸ்ட் டொட் கொம் தளத்தில் கூடுதல் விவரத்தை அழுத்தினால், சும்மா இருக்கும்போது எவ்வளவு தாமதம், இணைப்பு நிரம்பியிருக்கும்போது எவ்வளவு தாமதம் என்று இரண்டு எண் காட்டும். வேகத்தைவிட நான் பார்ப்பது அந்த இரண்டாவது எண்ணை.

காரணம் இது. தீவுக்குப் போகும் பாலத்தில் லொறிகள் வரிசையாக நின்றால் பின்னால் வரும் மோட்டார்சைக்கிளும் நிற்கத்தான் வேண்டும். வீட்டில் ஒருவர் பெரிய கோப்பு ஒன்றை மேலேற்றும்போது ரவுட்டருக்குள் நடப்பது அதுதான். கோப்பின் துண்டுகள் வரிசையை நிரப்பிவிடும், அழைப்பின் சின்னத் துண்டுகள் அவற்றின் பின்னால் காத்துக் கிடக்கும். குரல் விட்டு விட்டு வரும். 2010ஐ ஒட்டி ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டில் இதைக் கண்டுபிடித்து, கருவிகளில் நினைவகத்தை அள்ளிப் போட்டதால் வந்த நோய் என்றார். 2012இல் கதலீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் வரிசையை நீளவிடாமல் காக்கும் முறையொன்றை எழுதினார்கள். அதன் வழித்தோன்றல் இன்று நல்ல ரவுட்டர்களில் இலவசமாகவே கிடைக்கிறது. பக்கேஜோடு வரும் ரவுட்டர்களில் அது இருப்பது அரிது. இருந்தாலும் யாரும் இயக்கிவைப்பதில்லை. வேகத்தை இரட்டிப்பாக்கினால் இந்தச் சிக்கல் குறையும், தீராது. மேலேற்றும் வேகத்துக்கு ஒரு வரம்பு போட்டுவிட்டால் சல்லிக்காசு செலவில்லாமல் தீர்ந்துவிடும்.

ஒருநாள் மன்னார் பஸ் நிலையப் பக்கம் கடையொன்றில் நின்றபோது கேட்ட உரையாடல் இது. நடுத்தர வயது அம்மா ஒருவர், பக்கத்தில் பள்ளிச் சீருடையில் மகள்.

“தம்பி, எங்கட வீட்டுல இருக்கிறது இருவதாம். நூறு போட்டா பிள்ளைக்கு வகுப்பு நிக்காம வருமா?”

பெடியன் விற்கப் பார்க்கவில்லை, அதுதான் ஆச்சரியம். “ரவுட்டர் எங்கயக்கா கிடக்கு?”

“முன்னுக்கு, ரீவீக்குப் பக்கத்துல.”

“பிள்ளை எங்க இருந்து படிக்கிறா?”

“பின்னறையில. முன்னுக்கு ஒரே சத்தம்.”

“அப்ப ரவுட்டரப் பின்னறை வாசலடிக்குக் கொண்டுபோங்கோ. வயர் ஒண்டு நீட்டா வேணும், அவ்வளவுதான். அதுக்குப் பிறகும் நிண்டா வாங்கோ, நூறு போடுவம்.”

அந்தப் பெடியனுக்கு வானொலி அலையின் இயல்பு தெரிந்திருக்கிறதோ இல்லையோ, சரியான இடத்தைத் தொட்டுவிட்டான். 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை ஒரு சீமெந்துக் கல் சுவரைத் தாண்டினால் களைத்துவிடும், இரண்டைத் தாண்டினால் பெரும்பாலும் விழுந்துவிடும். 2.4 கிகாஹேர்ட்ஸ் தாண்டும், ஆனால் அதில் பக்கத்து வீடுகளின் ரவுட்டர்களெல்லாம் மோதும். வீட்டுக்குள் 12 எம்பிபிஎஸ் மட்டுமே போய்ச் சேரும் அறைக்கு, வாசலில் 100 வந்து நின்று பலனில்லை.

இனி இணைப்பின் வகைகள். பழைய செப்புக் கம்பி வழி வரும் ஏடிஎஸ்எல் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நிலையத்துக்குக் கிட்ட இருந்தால் ஏட்டில் 24 எம்பிபிஎஸ் வரை, நாலைந்து கிலோமீற்றர் தள்ளிப்போனால் அதில் கொஞ்சம். உப்புக்காற்றில் கம்பியின் மூட்டுகள் பச்சை பிடிக்கும், மழைக்காலத்தில் லைன் இரையும். அது போகிற காலம்.

மன்னாரின் பெரும்பாலான வீடுகள் நம்பியிருப்பது 4ஜி கோபுரங்களை. இலங்கையில் 4ஜி வந்தது 2013ஐ ஒட்டி, வீட்டுக்கான 4ஜி ரவுட்டர்களும் அதோடு வந்தன. மாவட்டத்தின் மக்கள்தொகை 2012 குடிசன மதிப்பீட்டில் ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு, அது பரவிக்கிடக்கும் நிலமோ இரண்டாயிரம் சதுர கிலோமீற்றர். ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பி இழுப்பது எந்த நிறுவனத்துக்கும் கட்டாது. கோபுரம் நட்டால் ஊர் முழுவதும் வரும். ஆனால் கோபுரத்தில் வரும் வேகம் பங்கு போடப்படுவது. 20 மெகாஹேர்ட்ஸ் அகல அலைவரிசையில் கோபுரத்தின் ஒரு பக்கத்துக்கு ஏட்டுக் கணக்கில் 100 முதல் 150 எம்பிபிஎஸ். அந்தப் பக்கத்தில் 60 வீடு இருந்து, இரவு எட்டு மணிக்குப் பாதிப் பேர் ஒரே நேரத்தில் படம் பார்த்தால் ஆளுக்கு நாலைந்து. பெட்டியில் 100 என்று எழுதியிருப்பது விடிகாலை மூன்று மணிக்குப் பொய்யாகாது. இரவு எட்டு மணிக்கு அதற்கும் நடப்புக்கும் தொடர்பில்லை. பைபரிலும் பங்குதான், ஆனால் அங்கே ஒரு இழையில் 2,488 எம்பிபிஎஸ் வந்து 32 வீட்டுக்குப் பிரியும். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தாலும் ஆளுக்கு 77. தெருவில் பைபர் இருந்தால் அதன் மிகக் குறைந்த பக்கேஜ்கூட 4ஜியின் மிகக் கூடிய பக்கேஜைவிட நல்லது என்று சொல்ல இந்த ஒரு கணக்குப் போதும்.

கடலோரத்துக்கென்று இன்னொரு விசித்திரம் உண்டு. வெக்கையான நாட்களில் கடலுக்கு மேலே காற்று அடுக்கடுக்காக நிற்கும். கீழே ஈரமும் குளிர்ச்சியும், மேலே வறண்ட சூடு. வானொலி அலை அந்த இரண்டுக்கும் இடையே சிக்கிக்கொண்டு, வழக்கமாகப் போகாத தூரம் போகும். இந்திய வானொலி சில மாலைகளில் பக்கத்து அறையில் பாடுவதுபோல் கேட்பதும், தலைமன்னார் முனையில் கைபேசி இந்தியக் கோபுரத்தைப் பிடித்து ரோமிங் செய்தி காட்டுவதும் கடல் குறுகலாக இருப்பதால் மட்டும் நடப்பதல்ல. அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துப் பயன்படுத்தும் 4ஜி முறைக்கு இது தொல்லை. நூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து பிந்தி வரும் அலை, இங்குள்ள கோபுரம் செவிமடுக்கும் நேரத்தில் வந்து விழும். சீனாவில் இந்த நோயைப் பெரிய அளவில் பதிவுசெய்திருக்கிறார்கள். கூரையில் நட்ட அன்டெனாவைக் கடலுக்கு முதுகு காட்டித் தன் கோபுரத்துக்கு நேரே திருப்பி இறுக்கிவைப்பது இதற்கு ஒரு பகுதி மருந்து. சோழகம் அடிக்கும் மாதங்களில் அது அசையாமல் இருக்க இழுகம்பியும் வேண்டும். காற்றாலைகளுக்கு ஏற்ற ஊர் அன்டெனாவுக்கு ஏற்றதாக இருக்கவேண்டுமென்று கட்டாயமில்லையே.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் இலங்கைக்கு வந்தது. பழைய செயற்கைக்கோள்கள் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நின்றதால் ஒரு கேள்விக்குப் பதில் வரவே அரைச் செக்கனுக்கு மேல் ஆகும். இவை 550 கிலோமீற்றரில் பறப்பவை, அதனால் தாமதம் ஒரு சாதாரண 4ஜி இணைப்பின் அளவுக்கு இறங்கிவிட்டது. விலைதான் முகத்தில் அறைகிறது. கருவிக்கு ஒரு இலட்சத்துக்கு மேல், மாதத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல். சம்மாட்டி வீட்டுக்கு வேண்டுமானால் கட்டும். விடத்தல்தீவுப் பக்கமுள்ள பாடசாலையொன்று அல்லது சனசமூக நிலையமொன்று ஒன்றை வாங்கி ஊருக்குப் பகிர்ந்தால் அது அர்த்தமுள்ள செலவு. பைபர் வந்த தெருவில் வாங்குவது வீண்.

மேலேற்றும் வேகத்தைப் பற்றி விளம்பரங்கள் பெரிய எழுத்தில் பேசுவதில்லை. மன்னாருக்கு அது முக்கியம். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களின் ஊர் இது. திருவிழாவும் திருமணமும் மரணவீடும் இன்று நேரலையில் போகின்றன. பேசாலைக் கோயில் திருவிழாவை ரொறன்ரோவிலும் பரிசிலும் இருந்து பார்ப்பவர் சிலர், தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமிலிருந்து பார்ப்பவர் சிலர். முழு எச்டி நேரலைக்கு மேலேற்றும் வேகம் ஐந்தாறு எம்பிபிஎஸ் தளம்பாமல் வேண்டும். திருவிழா இரவில் ஆயிரக்கணக்கான கைபேசிகள் ஒரே கோபுரத்தில் தொங்கும்போது அந்த ஐந்து கிடைக்காது. கலியாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர் 40 ஜிபி கோப்பை நடுச்சாமத்துக்குப் பிறகு மேலேற்றுவதற்கு இரண்டு காரணம்: கோபுரம் ஆறியிருக்கும், ‘நைட் டேட்டா’ தனிக்கணக்கில் கழியும். 5 எம்பிபிஎஸ்ஸில் அந்தக் கோப்பு போய்ச்சேர 18 மணித்தியாலம், 50இல் இரண்டு மணித்தியாலத்துக்குள். கூடின வேகத்துக்குக் கொடுக்கும் காசைத் திரும்பப் பெறக்கூடியவர் இவர். வீட்டிலிருந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்யும் பிள்ளைகளும் இந்தப் பட்டியலில் சேரலாம். ஆனால் அவர்களுக்கு வேகத்தைவிட இரண்டாவது இணைப்பொன்று, வேறு நிறுவனத்தினது, பெறுமதியானது.

அப்படியே மின்சாரத்துக்கும் வருவோம். செப்புக் கம்பித் தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொண்டது, கரண்ட் போனாலும் மணி அடித்தது. பைபர் கருவியும் ரவுட்டரும் அப்படியில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கின் பெயரில் நாடே இருண்டது. அதே ஆண்டு நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது நாட்டின் பல பகுதிகளில் கோபுரங்களுக்கு மின்சாரமில்லை, ஒளியிழைகள் அறுந்து கிடந்தன. மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் சுழல்வதால் பக்கத்து வீட்டு ரவுட்டர் எரியப்போவதில்லை, அந்த மின்சாரம் தேசியக் கம்பியில் ஏறிவிடுகிறது. 12 வோல்ற் ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன மின்கலப் பெட்டி பல மணித்தியாலம் தாங்கும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில், கூடின பக்கேஜின் ஒரு சில மாத வித்தியாசத்தில் இதை வாங்கிவிடலாம். நான் தொடக்கத்தில் சொன்ன ‘வேறெதிலாவது’ என்பதில் முதலாவது இது. அடுத்தது ரவுட்டருக்கு வயர்.

காசுக் கணக்கில் இன்னொன்று. 2022 செப்டெம்பரில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியோடு தொலைபேசி, இணையக் கட்டணங்கள் ஒரேயடியாக 20 சதவீதம் ஏறின, பிறகு பெறுமதிசேர் வரியும் 18 சதவீதமாக ஏறியது. அப்போது பல வீடுகள் குறைத்தது டேட்டா அளவை. வேகத்தைக் குறைத்து அளவைத் தக்கவைக்கும் பக்கேஜ்தான் அவர்களுக்குப் பொருந்தியிருக்கும். 10 எம்பிபிஎஸ், அளவு வரம்பில்லை என்ற பக்கேஜும், 100 எம்பிபிஎஸ், 100 ஜிபி என்ற பக்கேஜும் ஒரே விலையில் இருந்தால், நாலு பேர் உள்ள வீட்டுக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன். பத்தில் எல்லாம் ஓடும், கொஞ்சம் பொறுத்து ஓடும். நூறில் இருபதாம் திகதியோடு நின்றுவிடும்.

தாழ்வுபாட்டில் படகு தள்ளும் முன் கைபேசியில் காற்றின் திசையும் வேகமும் பார்க்கும் தொழிலாளிக்கு வேண்டியது சில நூறு கிலோபைட்தான். அதற்கு 2ஜி காலத்து வேகம்கூடப் போதும். ஆனால் அது விடிகாலை மூன்று மணிக்குக் கரையிலும், பிறகு கடலில் எட்டிய தூரம்வரையும் கிடைக்கவேண்டும். எம்பிபிஎஸ் கணக்கில் அவர் பூச்சியம். இணையத்தால் இந்தக் கரையில் யாருக்கு மிகுந்த பலன் என்று கேட்டால் அவரை முதலில் சொல்லவேண்டியிருக்கும். ‘பிரோட்பேண்ட்’ என்பதற்கு இந்தியா 2023இல் குறைந்தது 2 எம்பிபிஎஸ் என்று வரையறை வைத்தது, அமெரிக்கா 2024இல் இறக்க 100, ஏற்ற 20 என்று வைத்தது. இரண்டு எண்ணிலும் எத்தனை மணிக்கு என்பது இல்லை.

அதை எழுதிவைத்த நாடு ஒன்று உண்டு. பிரித்தானியாவில் 2018 மே 23 முதல், விளம்பரத்தில் ஒரு வேகத்தைப் போடவேண்டுமானால், வாடிக்கையாளரில் பாதிப் பேருக்காவது இரவு எட்டிலிருந்து பத்துவரை அது கிடைத்திருக்கவேண்டும் என்று விளம்பர ஒழுங்கமைப்பு விதித்தது. 17 எம்பிபிஎஸ் வரை என்று இருந்த பலகைகள் 10, 11 என்று மாறின. எங்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கட்டணங்களுக்கு அனுமதி கொடுக்கிறது. அந்த அனுமதியோடு இந்த ஒரு வரியையும், மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து, சேர்க்கலாம். மன்னாருக்கான எண்ணும் கொழும்புக்கான எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும். அதுவரை, புதிதாக இணைப்பு வாங்குகிறவர் அதே நிறுவனத்தின் இணைப்பு உள்ள அயல்வீடொன்றில் சனிக்கிழமை இரவு எட்டரைக்குப் போயிருந்து, ஒரு தேத்தண்ணி குடித்தபடி சோதனையை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கலாம்.